நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ், ஈரோடு மாவட்டம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். நாளைக்கு என்ன ஆகுமென்று தெரியாத பிழைப்பில் எதற்கு நன்றி சொல்வது, எப்படிச் சொல்வது? அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலிக்கு வழி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதே வலிதான், மறக்க மாட்டேன்.

கேள்வி: சிஸ்டருங்க, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நேந்திரன் வாழை போட்டிருந்தோம். இன்னும் இருபது நாளில் தார் வெட்டியிருக்கலாம். வைகாசிக் காற்று ஒரு ராத்திரி அரை மணி நேரம்தான் அடித்தது, எல்லாம் படுத்துவிட்டது. அந்த வாரம் சர்ச்சில் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று பிரசங்கம். எனக்கு வாய் வரவில்லை. இது பாவமா? விளைந்ததைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டு போகிற அறுப்பின் பண்டிகைக்கு நான் எதைக் கொண்டு போவேன்?
– வாசகர், கோபி வட்டம்

பதில்: பாவம் இல்லைங்க. காற்றில் சாய்ந்த வாழைத் தோட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பும் மரத்தோடு சேர்ந்து முறிந்து கிடக்கும். வியாபாரி வந்து வரப்பில் நின்றபடியே ஒரு விலை சொல்வார், அது வெட்டுக்கூலிக்கே காணாது. அதன் நடுவில் நின்றுகொண்டு ஒருவர் சிரித்த முகமாக 'ஸ்தோத்திரம்' சொன்னால், முதலில் அவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பைபிளில் ஆபகூக் என்று ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், திராட்சையில் பழம் இல்லாமல் போனாலும், ஒலிவம் பொய்த்தாலும், வயலில் தானியம் விளையாவிட்டாலும், கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமல் போனாலும் என்று இழப்பை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அப்படியே வி.ஏ.ஓ. கையில் கொடுக்கலாம், அவ்வளவு விவரம். அதெல்லாம் சொன்ன பிறகுதான் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்ற வரி. நாம் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து காலண்டரில் போட்டுக்கொள்கிறோம். அதே மனுஷர் தன் புத்தகத்தை எப்படி ஆரம்பிக்கிறார் தெரியுமா? 'கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!' என்று சண்டையோடு ஆரம்பிக்கிறார். மொத்தமே மூன்று அதிகாரம்தான். நீங்கள் இப்போது முதல் அதிகாரத்தில் நிற்கிறீர்கள். யாரும் கையைப் பிடித்து மூன்றாவதுக்கு இழுக்க விடாதீர்கள். போனது எத்தனை தார், உரத்துக்கு வாங்கின கடன் எவ்வளவு என்று ஜெபத்தில் கணக்காகவே சொல்லுங்கள். அவருக்குக் கணக்கு கேட்டுச் சலிக்காது.

அப்புறம் கையோடு செய்ய வேண்டியது: தோட்டத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலைத் துறையிலும் மனு கொடுங்கள். சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் நிவாரணக் கணக்கில் வரும், அதனால் அதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் சாய்ந்ததை மொத்தமாக அப்புறப்படுத்த வேண்டாம். காப்பீடு கட்டியிருந்தால் அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும். பக்கக்கன்று தேறியிருக்கிறதா என்று பாருங்கள். தாய்மரம் போனாலும் அந்தக் கன்றையே வளர்த்து மறுதாம்பு விடுகிற வாய்ப்பு இருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு வெறுங்கையோடு போங்கள். விளைந்தவன் விளைந்ததற்குத் தக்கபடி கொண்டு வரட்டும் என்பதுதான் பழைய ஏற்பாட்டுக் கட்டளை. இல்லாதவனைத் தேங்காய் வாங்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை. சபைக் கமிட்டியாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்டு சந்தோஷப்படுகிறோமே, அந்தப் பணத்தில் ஒரு பங்கை இந்த வருஷம் வாழை சாய்ந்தவர் வீட்டுக்குக் கொண்டு போங்கள். மைக்கில் அறிவிக்காமல் கொடுங்கள்.

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (ஆளுக்கொரு பைபிள் வசனம் எடுப்போமே, அது) 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்று இருந்தது. பிப்ரவரியில் சர்க்கரை வந்தது, மார்ச்சில் பித்தப்பையில் கல். அட்டை மாறி வந்துவிட்டதோ?
– வாசகி, காங்கேயம்

பதில்: அட்டை சரியாகத்தான் வந்திருக்கிறது அம்மிணி. பரிகாரி என்றால் வைத்தியர். சர்க்கரை உங்களுக்குப் பிப்ரவரியில் வந்ததல்ல, பிப்ரவரியில் தெரிந்தது. கல்லும் அப்படித்தான். தெரியாமலே வளர்ந்து ஒரு நாள் ராத்திரி ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் தெரிந்ததே, அதுவும் பரிகாரி செய்த வேலைதான். தட்டில் கையை விட்டு ஓர் அட்டை எடுப்பது குலுக்கல் சீட்டு அல்ல. அட்டையை பைபிளுக்குள் வையுங்கள், மாத்திரையைச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: என் பெரிய நாத்தனார் ரொம்பப் பக்தி. வாயைத் திறந்தால் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பார். போன ஆடியில் என்னிடம் வாங்கின பணத்தைக் கேட்டாலும் 'கர்த்தருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை' என்கிறார். எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது. அழுத்திக் கேட்டால், 'நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ, பணம் பணம் என்கிறாயே' என்று எனக்கே உபதேசம்.
– வாசகி, பல்லடம்

பதில்: சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நாத்தனார் அந்த வாக்கியத்தை எடுப்பது யாக்கோபு நிருபம் நாலாம் அதிகாரத்திலிருந்து. இன்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருஷம் தங்கிச் சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிற வியாபாரிகளைப் பார்த்து யாக்கோபு பேசுகிறார். 'நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே' என்கிறார். ஆயுசு என்பது கொஞ்சக்காலம் தோன்றி மறைகிற புகை என்கிறார். அதனால் 'ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்' என்று சொல்லிப் பழகச் சொல்கிறார். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம், வீடு கட்டும்போது சொல்கிறோம், நல்ல பழக்கம்தான்.

ஆனால் நாத்தனார் அந்த வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார். இன்னும் இரண்டு வசனம் தள்ளிப் போனால், 'ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்' என்று இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் ஐந்தாம் அதிகாரம், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. ஆயுசு புகை என்று சொன்ன வாயோடு அந்த மனுஷர் கூலிப் பாக்கியைப் பற்றிப் பேசுகிறார் பாருங்கள், எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ என்பது பணத்தைத் தராமலிருக்கக் காரணம் அல்ல, இன்றைக்கே தந்துவிடக் காரணம். உபாகமத்திலும் அப்படித்தான். ஏழைக் கூலிக்காரனுக்கு அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே கூலி கொடுத்துவிட வேண்டும். நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம் இன்னும் நேராகவே சொல்கிறது. கையில் இருக்கும்போது அயலானைப் பார்த்து 'நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே.'

எங்கள் ஆஸ்பத்திரியில் குணமாகி டிஸ்சார்ஜ் ஆன ஒரு பெரியவர், பஸ் ஏறப் போனவர் மூட்டையோடு திரும்பி வந்தார். மருந்துச் சீட்டை விட்டுவிட்டாரோ என்று எழுந்து போனேன். கேன்டீனில் இரண்டு டீக்குப் பாக்கி வைத்திருந்தாராம். 'மறுக்கா இந்தப் பக்கம் வருவனோ மாட்டனோ கண்ணு' என்று சொல்லிக்கொண்டே சில்லறையை எண்ணினார். அவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை, அவர் எந்த சபை என்றும் தெரியாது. ஒருவர் நன்றியுள்ள கிறிஸ்தவரா என்பதை அவர் ஜெபத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

உங்கள் விஷயத்தில், நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தனியாகப் போய், பாதியாவது இந்த மாதம் வேண்டும் என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். நிஜமாகவே கையில் இல்லை என்றால் மாதம் இவ்வளவு என்று பேசி முடியுங்கள். அதற்கும் வழியில்லாத நிலைமை என்று தெரிந்தால், விட்டுவிட்டதாக வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மனசுக்குள் விட்டால் இருவருக்கும் நிம்மதி இருக்காது.

கேள்வி: அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது. ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிறும் உண்டு. பையன் எழுவதற்குள் கிளம்பி, அவன் தூங்கிய பிறகு வருகிறேன். 'அதிகாலையில் ஒரு மணி நேரம் துதியுங்கள், நாள் ஆசீர்வாதமாக இருக்கும்' என்கிறார்கள். எனக்கு நேரமும் இல்லை, துதிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: கண்ணு, முதலில் தூங்கு. அதிகாலை ஒரு மணி நேரத்தை உனக்குச் சிபாரிசு செய்கிறவர்கள் யாராவது ஒரு வாரம் உன் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவட்டும், அப்புறம் பேசலாம்.

நைட் டூட்டி முடிந்து போகும்போது நாங்கள் ரிப்போர்ட் புத்தகம் எழுதி, காலை ஷிப்டிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் 'நோயாளி நன்றாக இருந்தார்' என்று எழுதினால் எங்கள் ஹெட் நர்ஸ் புத்தகத்தைத் திருப்பி நீட்டிவிடுவார். நன்றாக என்றால் என்ன? பதினோரு மணிக்கு வலி என்றார், ஊசி போட்டது. பன்னிரண்டரைக்குத் தூங்கினார். ஐந்து மணிக்கு அரை டம்ளர் கஞ்சி, வாந்தி இல்லை. இப்படி எழுத வேண்டும். அந்த 'வாந்தி இல்லை' முக்கியம். நடக்காமல் போனதும் ரிப்போர்ட்டில் வரும்.

ஓய்வுபெற்ற பிறகு அதே பழக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ராத்திரி படுக்குமுன் எழுதுகிறேன். நேற்றைய பக்கம்: 'பால் நேரத்துக்கு வந்தது. மாடிப்படி ஏறும்போது வலி குறைவு. அக்கா மகள் போன் செய்தாள், கல்யாணப் பேச்சு இல்லாமல் பேசினாள். மழை வரவில்லை, ஆனால் காற்று ஜில்லென்று இருந்தது. முருங்கைமரக் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரவில்லை.' இவ்வளவுதான் என் ஸ்தோத்திர பலி. 'ஆண்டவரே, சகல நன்மைகளுக்காகவும் நன்றி' என்று மொத்தமாகச் சொல்லும்போது என் மனசு எங்கேயோ போய்விடுகிறது. பால் வந்தது என்று எழுதினால் பால் கொண்டுவருகிற பையன் முகம் ஞாபகம் வருகிறது, அவனுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிக்க முடிகிறது. உனக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் பஸ்ஸில் வரும்போது மூன்று விஷயத்தை மனசுக்குள் சொல். நாள் முழுக்க ட்யூப்லைட் அடியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று கண்டுபிடிக்கிற கண் உனக்கு. அது ஒன்றையும் தவறவிடாது.

இன்னொன்று. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நன்றி சொல் என்று நான் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இது சட்டத்தில் இருக்கிறது. பத்துக் கட்டளையிலும் இருக்கிறது. ஓய்வுநாள் வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, 'உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்' என்று பேர் போட்டே எழுதியிருக்கிறது. ஞாயிறு லீவு கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது. பையன் முழித்திருக்கும்போது அவனைப் பார்ப்பதற்காகக் கேட்கிறாய். சேர்ந்து வேலை செய்கிற பெண்களோடு பேசி, எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: என் நண்பன் பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சபையில் ஒருவர் சாட்சி சொன்னார். அதே ரோட்டில் தன் கார் உருண்டும் ஒரு கீறல் இல்லை, கர்த்தர் தூதர்களை அனுப்பிக் காத்தார் என்று. நண்பனின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் அவனுக்குத் தூதர் வரவில்லையா? அதிலிருந்து நன்றி என்ற வார்த்தையே எனக்குக் கசக்கிறது.
– கல்லூரி மாணவர், தாராபுரம்

பதில்: தம்பி, அந்த அம்மாவை நீ பார்த்தாய் அல்லவா, சபையில் அன்றைக்குக் கண் தெரிந்தவன் நீதான்.

கட்டுவிரியன் கடி எப்படி என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலிக்காது, வீங்காது. விடியக்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. ஒரு மழைக்காலத்தில் ஒரே ராத்திரி இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். களத்தில் காவலுக்குப் படுத்திருந்த ஒரு நடுவயதுக்காரர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் விஷமுறிவு மருந்து ஏறியது, இருவருக்கும் மிஷின்தான் மூச்சு விட்டது. மூன்றாம் நாள் காலையில் பெரியவர் இமையைத் தானாகத் தூக்கினார். எங்களுக்கு அது பெரிய சேதி, ஆளுக்கு ஆள் ஓடிச் சொன்னோம். அன்றைக்குச் சாயங்காலம் பையன் போய்விட்டான்.

பெரியவரின் மனைவிக்கு அது தெரியாது. கடைவீதிக்குப் போய் மைசூர்பாகு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தார். பையனின் அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் ஒரு நொடி நின்றார். பெட்டியை ஒயர் கூடைக்குள் போட்டு மேலே துண்டை வைத்து மூடி, கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி வரும்வரை எழுந்திருக்கவும் இல்லை. வீட்டுக்குப் போகிற அன்றைக்கு என்னிடம் மட்டும், 'சுவீட்ட எங்கூர்ல போயிக் குடுத்துக்கறனுங்க' என்றார். அவர் கிறிஸ்தவர்கூட அல்ல. எனக்குத் தெரிந்து நன்றி சொல்லத் தெரிந்தவர்களில் அவருக்குத்தான் முதல் இடம்.

சாட்சி சொன்னவர் பொய் சொல்லவில்லை. உயிர் பிழைத்தவனுக்கு நன்றி பொங்கத்தான் செய்யும். ஆனால் 'எனக்கு இரங்கினார்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'ஆகையால்' என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தால் அது பக்கத்து வரிசையில் இருப்பவரின் நெஞ்சில் போய்க் குத்தும். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்கிறார். அவர்களுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பதை அவர் விளக்கவே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, உங்கள் வாழ்க்கையை இப்போதே திருப்புங்கள் என்று மட்டும் சொன்னார். அவரே விளக்காத இடத்தில் நம் ஊர் மைக் பிடித்தவர் விளக்கினால், அதை நீ நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

கசப்பு இருக்கட்டும். 88-ஆம் சங்கீதத்தில் தேடினாலும் ஒரு நன்றி கிடைக்காது, இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு: அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிடு. அவன் பேரைச் சொல்லிப் பேசு. எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். ஹெல்மெட் போட்டால் தாடைப் பட்டையையும் மாட்டு. பட்டை மாட்டாத ஹெல்மெட் நீ கீழே விழுமுன்னே கழன்றுவிடும்.

கேள்வி: எனக்கு 68 வயது. உயில் எழுதி வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். வீட்டில் அவள் அழுகிறாள், 'விசுவாசி வாயில் வருகிற பேச்சா இது' என்கிறாள். கர்த்தர் மேல் பாரத்தை வைத்துவிட்டு சும்மா இருப்பதுதானே சரி?
– வாசகர், பெருந்துறை

பதில்: எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது என்று 90-ஆம் சங்கீதம் கணக்குச் சொல்கிறது. உங்களுக்கு 68. எழுதிவிடுங்கள் ஐயா.

எசேக்கியா ராஜா வியாதியாய்ப் படுத்தபோது, 'உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும்' என்று ஏசாயாவை அனுப்பிச் சொல்லவைத்தவர் கர்த்தர்தான். அதற்கப்புறம் அவருக்குப் பதினைந்து வருஷம் கூட்டியும் கொடுத்தார், அதை வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உயிர்விட்டார்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் போனால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் மகள் பேதம் கிடையாது. 'பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டதே' என்பது சட்டத்தில் செல்லாது, வேதத்திலும் செல்லாது என்றுதான் நான் நினைக்கிறேன். உயிலில் நீங்கள் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலின்படி சொத்து பெறப்போகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதின பங்கு செல்லாமல் போய்விடும், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பேங்கில் நாமினி போட்டிருப்பதை உயிலாக நினைத்துக்கொள்ளாதீர்கள், நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

உயில் தவிர இன்னொரு தாளும் எழுதுங்கள். கிணற்றில் உங்கள் பங்கு நாலில் ஒன்றா எட்டில் ஒன்றா, தண்ணீர் முறை என்றைக்கு, கரண்ட் சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது, யாருக்கு நாம் தர வேண்டும், நமக்கு யார் தர வேண்டும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு 'அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டாருங்க' என்று வீட்டுக்குப் போன் போடுகிற பிள்ளைகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன்.

கேள்வி: நீங்கள் எத்தனையோ சாவைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குச் சாவு பயம் உண்டா? உபதேசம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

பதில்: மூச்சுத் திணறலுக்குப் பயம் உண்டு. பாத்ரூமுக்கு அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டி வருமே என்ற பயமும் உண்டு. சாவுக்கு அவ்வளவு இல்லை. அதற்கு நான் ஒன்றும் பெரிய விசுவாச வீரர் இல்லை, அடிக்கடி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதுதான் காரணம். கடைசி நேரத்தில் ஜனங்கள் பெரிய வார்த்தை எதுவும் பேசுவதில்லை. ஓர் ஆத்தா நினைவு வருவதும் போவதுமாக இருந்தபோது திரும்பத் திரும்பக் கேட்டது, 'எருமை கறந்தாச்சா?' கறந்தாச்சு என்று பேரன் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். அவர் காலம் முழுக்கச் செய்த வேலை அது. அதை விசாரித்துக்கொண்டே போனதில் குறை என்ன இருக்கிறது?

ஒரு விஷயம் மாறியிருக்கிறது. 2020-இல் ஊரடங்கு நடுவில் ஏப்ரல் 12-ஆம் தேதி ஈஸ்டர். சர்ச் பூட்டியிருந்தது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனில் ஆராதனை பார்த்தேன். அடுத்த வருஷம் சர்ச் திறந்தபோது என் பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர்களில் சிலர் இல்லை. முன்பெல்லாம் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேடுவேன், வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்று. இப்போது போவதில்லை. வேப்பமரத்தடியில் நின்று எல்லாரிடமும் பேசிவிட்டு, அவர்கள் முதுகுவலியையும் மருமகளையும் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு ஆகிறது, பரவாயில்லை.

கேள்வி: ஓட்டலில் சாப்பிடும்போது கண்ணை மூடி ஜெபித்தால் எல்லாரும் பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது. ஜெபிக்காமல் சாப்பிட்டால் உறுத்துகிறது. என்ன செய்ய?
– வாசகர், அவினாசி

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே ஜெபியுங்கள். இலையைப் பார்த்தபடி ஒரு வரி போதும்.

கூட்டத்துக்கு நடுவில் சாப்பாட்டுக்கு நன்றி சொன்ன ஒருவரைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டு போகிற கப்பல் புயலில் மாட்டுகிறது. பதினாலு நாளாக யாரும் சாப்பிடவில்லை. கப்பலில் மொத்தம் 276 பேர், மாலுமிகளும் சிப்பாய்களும் கைதிகளும். கப்பல் சேதமாகும், ஆனால் உயிர்ச்சேதம் இருக்காது என்று பவுலுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. விடிகிற நேரத்தில் அவர் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் தேவனுக்கு நன்றி சொல்லிப் பிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறார். அதைப் பார்த்த மற்றவர்களும் தைரியம் வந்து சாப்பிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் கப்பல் தரைதட்டி உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். வெறும் வயிற்றோடு அந்தத் தண்ணீரில் குதித்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்களோ என்று நர்ஸ் புத்தி யோசிக்கிறது.

ஜெபித்தால், பில்லை வைத்துவிட்டுப் போகிற தம்பிக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். டிப்ஸும் வையுங்கள். ஜெபித்துவிட்டு டிப்ஸ் வைக்காமல் போகிறவர்களால் நம் ஆட்களுக்கு ஓட்டல்களில் நல்ல பேர் இல்லை.